செஸ்ட் நம்பரைக் கழற்றிய பிறகு

ஆடி மாதம் தென்காசிப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் 800 மீட்டர் ஓடுகிற பிள்ளை, பக்கத்தில் ஓடுபவர்களோடு சேர்த்து மேல்காற்றையும் ஜெயிக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலையும் தள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று, தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் நிற்பவர்களின் வேட்டி சேலையைப் படபடக்க வைப்பது ஊருக்கே தெரியும். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான். ஒவ்வொரு சுற்றிலும் மைதானத்தின் ஒரு பக்கம் காற்று முகத்தில் அறையும், எதிர்ப்பக்கம் முதுகில் கைவைத்துத் தள்ளும். விவரம் தெரியாத பிள்ளை, காற்று முகத்தில் அடிக்கும் பக்கத்தில் வீம்புக்கு முன்னால் போய் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறாள். தெரிந்தவள் அங்கே இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி ஓடி, காற்று திரும்பும் இடத்தில் வெளியே வருகிறாள்.

“ஏ பிள்ள, இந்தப் பக்கம் முன்னால போவாத, அவ பின்னாலயே போ” என்று கோட்டோரம் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைச் சரியான விநாடியில் சொல்ல, அவர் அந்தக் காற்றில் ஓடிப் பார்த்தவராக இருந்தால் நல்லது. ஓடி ஓய்ந்தவர்கள் பள்ளி மைதானத்துக்குத் திரும்பி வந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் பக்கத்துக் கேரளத்திலும் கண்முன்னே சான்றுகள் இருக்கின்றன. தென்காசிக்கு அவை நேரடியாகப் பொருந்தும்.

முதலில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டைத் தாங்கி நிற்பது ‘பி.இ.டி. சார்’தான். காலை வழிபாட்டில் வரிசையை நேராக்குவதும், கபடிக்கும் கோகோவுக்கும் குண்டு எறிதலுக்கும் ஆள் பொறுக்குவதும், வயதுச் சான்றிதழில் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குவதும், போட்டிக்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதும் அவர்தான். இத்தனை விளையாட்டுக்கும் ஒருவரே என்னும்போது, ஒரு விளையாட்டின் அடிஆழம் வரை அவரால் போக முடியாது. அது அவர் குறையில்லை. அந்த ஆழத்தில் கிடந்து எழுந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவருக்கும் சுமை குறையும்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அதுவரை செங்கோட்டைப் பிள்ளையும் கடையநல்லூர்ப் பிள்ளையும் திருநெல்வேலி மாவட்டத்துப் போட்டியாளர்கள். பெரிய மைதானம் என்றால் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம். தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அதிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ்ஸிலேயே இட்லியைத் தின்று, போய் இறங்கியதும் வார்ம் அப் செய்ய நேரமில்லாமல் ஹீட்ஸ் ஓடித் தோற்ற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறை முழுக்க இருப்பார்கள்.

இங்கே மைதானங்கள் சும்மா கிடப்பதில்லை. விடிவதற்கு முன்பே ‘கிரவுண்டுக்கு’ வந்துவிடுகிறவர்கள் போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் இளைஞர்கள். காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ராணுவத்தாரும் பழைய ஓட்டக்காரர்களும் பல ஊர்களில் கிடைக்கிறார்கள். ஓடியவர் ஓடுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் தென்மாவட்டங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அது பதினெட்டு வயதுக்குப் பிறகு, வேலைக்காகத் தொடங்குகிறது. உடம்பும் கால்களும் வடிவெடுக்கும் ஏழாம் வகுப்பில், பன்னிரண்டு வயதில், அந்தப் பிள்ளை தனியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படித் தனியாகத் தொடங்காத ஒரு பெண்ணின் கதையைத் தமிழ்நாடு இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி. சாந்தி சௌந்தரராஜன் 1981இல் அங்கே பிறந்தார். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். வேலைக்காக அவர்கள் வெளியூர் போய்விடும்போது நான்கு தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்வது மூத்தவளான சாந்தியின் பொறுப்பு. வீட்டில் துணைக்கு இருந்த தாத்தா ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர். பேத்திக்குப் பதிமூன்று வயதானபோது வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் அவளை ஓடவைத்துப் பழக்கினார். ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் ஓடிய முதல் போட்டியில் சாந்திக்கு ஒரு தகரக் கோப்பை கிடைத்தது. அதன் பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் கோப்பைகள் சேர்ந்துகொண்டே போயின. பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அதைக் கவனித்துத் தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கட்டணம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் பள்ளியின் செலவு. மூன்று வேளையும் சாப்பிட்டது அப்போதுதான் முதல்முறை.

பதவியோ பட்டயமோ இல்லாத ஒரு தாத்தாவும், பெயர் பெரிதாக வெளியே வராத ஒரு பள்ளி ஆசிரியரும்தான் இந்தியாவுக்கு ஒரு 800 மீட்டர் வீராங்கனையைக் கொடுத்தார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் சாந்தியும் சூளையில் கல் அறுத்துக்கொண்டே வளர்ந்திருப்பார்.

2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அதே ஆண்டு பெங்களூரில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தேசிய சாதனை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டு. இறுதிப் போட்டியில் 2 நிமிடம் 3.16 விநாடி. கஜகஸ்தான் வீராங்கனையை 0.03 விநாடியில் முந்திக்கொண்டு வெள்ளி வாங்கினார். பிறகு நடந்தது தெரிந்ததே. பாலினச் சோதனை, செய்தி வெளியே கசிந்தது, பதக்கம் பறிபோனது. என்ன சோதனை, எதற்குச் சோதனை என்று அந்த இளம்பெண்ணுக்கு அவர் மொழியில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். பிறந்த உடம்பு அப்படி இருந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.

அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி சாந்தியைக் கைவிடவில்லை. 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். வாழ்க்கை உடைந்து கிடந்த அந்த நேரத்தில் சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி மையம் தொடங்கினார். 2009 வாக்கில் 68 பேர் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பரிசு வாங்கினார்கள். தன் ஓட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட விளையாட்டுக்கே அறுபத்தெட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பிய மனசு எப்படிப்பட்டது!

ஆனால் பயிற்சி மையம் என்பது ஆர்வத்தில் மட்டும் ஓடாது. மாதா மாதம் செலவு இருக்கிறது. 2012இல் சாந்தி மறுபடியும் செங்கல் சூளையில் நாள் கூலிக்கு, சுமார் 200 ரூபாய்க்கு, வேலை செய்கிறார் என்ற செய்தி நாடெங்கும் வந்தது. ஆசிய அளவில் ஓடிய ஒருவர், அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்த ஒருவர், நிலையான வேலைக்குத் தகுதியாகக் காட்ட ஒரு பட்டயச் சான்றிதழ் இல்லாமல் நின்றார். அந்தச் செய்திக்குப் பிறகுதான் அரசுகள் அசைந்தன. தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். ஒப்பந்த அடிப்படையில் பயிற்சியாளர் ஆனார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. தோஹா ஓட்டத்துக்கும் அந்தப் பணி ஆணைக்கும் இடையே பத்து ஆண்டுகள். பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை.

சாந்தியின் கதையை வெறும் சோகக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவரிடம் பயிற்சி பெறும் பெண்பிள்ளைக்கு வேறு யாரிடமும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இது பழைய கதையும் இல்லை. ஒடிசாவின் துத்தி சந்த் வழக்குப் போட்டு, 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் ஹார்மோன் விதியை நிறுத்திவைக்கச் செய்து, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். அதற்குப் பிறகு விதிகள் பலமுறை மாறின. 2025 செப்டம்பர் 1 முதல், உலக அளவிலான பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்தாக வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. ஆலங்குளத்திலோ சுரண்டையிலோ ஓடத் தொடங்கும் ஒரு பெண், நாளை அந்த அளவுக்கு உயர்ந்தால் இதைச் சந்தித்தே தீர வேண்டும். அன்று அவளிடம் பொறுமையாகப் பேச, இதே வழியில் நடந்து வந்த ஒரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய பலம்.

மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் என்ன செய்வது, கெண்டைக்கால் எலும்போரம் வலித்தால் ஓடலாமா நிறுத்த வேண்டுமா, கடையில் விற்கும் புரோட்டீன் பவுடரை வாங்கலாமா என்று பெண்பிள்ளைகள் ஆண் ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளும், யாரிடமும் கேட்கத் தோன்றாத கேள்விகளும் ஏராளம். ஊக்கமருந்து விதியில் ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்பது தப்பிக்க உதவாது. உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு ஓடுகிறவருடையது. இதை ஒன்பதாம் வகுப்பிலேயே காதில் போட்டுவைக்க வேண்டும்.

கணவாயைத் தாண்டினால் கேரளம். ஓடி முடித்தவர்கள் திரும்பி வருவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட மாநிலம் அது. ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தபோது ஓடியவர். ஓய்வுபெற்றதும் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 1976இல் கண்ணூரில் தொடங்கிய பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவில் பயிற்சியாளர் ஆனார். அங்கே சேர்ந்த சிறுமிகளில் ஒருத்தி பய்யோலியிலிருந்து வந்த ஒல்லிப் பெண், பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் உஷா 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு. கோட்டருகே நெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டியிருந்தால் என்று நாற்பது ஆண்டுகளாக இந்தியா பேசிக்கொண்டிருக்கிறது. துரோணாச்சார்யா விருது 1985இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாங்கியவர்களில் நம்பியாரும் ஒருவர்.

உஷா 2002இல் தன் பெயரில் தடகளப் பள்ளி தொடங்கினார். இன்று அது கோழிக்கோடு மாவட்டம் கினாலூரில் இருக்கிறது. அங்கே வளர்ந்த டின்டு லூகா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி, பதினைந்து ஆண்டுகளாக ஷைனி வில்சன் பெயரில் இருந்த தேசிய சாதனையை உடைத்தார். 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி, 2015 ஆசியத் தடகளத்தில் தங்கம். நம்பியார் உஷாவைச் செதுக்கினார், உஷா டின்டுவைச் செதுக்கினார். ஒருவர் பட்ட அடி அடுத்தவருக்குப் பாடமானது.

ஷைனி பெயர் வந்ததால், 800 மீட்டரின் ஒரு நுணுக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்த ஓட்டத்தில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் லேனில்தான் ஓட வேண்டும். வளைவு முடிந்ததும் தடத்தில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் உள் லேனுக்கு இறங்கலாம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஷைனி, அந்த எல்லைக்கு முன்பே லேன் மாறியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே 800 மீட்டரில் ஒலிம்பிக் அரையிறுதி வரை ஓடியவருக்கே இப்படி நேர்ந்தது.

இப்போது ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 200 மீட்டர் சுற்று. சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு, பாதி கபடி ஆடியவர்களின் காலில் அழிந்திருக்கும். 800 என்றால் நான்கு ரவுண்டு. வளைந்த ஒரே கோட்டில் எல்லோரும் நின்று விசில் சத்தத்துக்குக் கிளம்புவார்கள். லேனும் கிடையாது, இறங்கும் கோடும் கிடையாது. இங்கே ஜெயித்த பிள்ளை மாநிலப் போட்டிக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக 400 மீட்டர் செயற்கைத் தடத்தில் நிற்கிறது. நான்கு ரவுண்டு பழகிய கால்களுக்கு இரண்டே ரவுண்டு. ஆளுக்கு ஓரிடத்தில் முன்னும் பின்னுமாக நிற்கவைக்கிறார்கள். வெளி லேனில் நிற்பவள் தனக்கு முன்னால் யாருமே இல்லை என்று நினைத்து முதல் 200 மீட்டரை வெறித்தனமாக ஓடி, 500இல் கால் கட்டிப்போய் நிற்கிறாள். வெறுங்காலில் வந்திருந்தால் மதிய வெயிலில் அந்த ரப்பர் தரை உள்ளங்காலைச் சுட்டுவிடும். யாரோ கொடுத்த ஸ்பைக்ஸை அன்றைக்குத்தான் மாட்டியிருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இவை திறமைக் குறைவால் வரும் தோல்விகள் இல்லை. முன்பே போய்வந்த ஒருவர் உடனிருந்து, பள்ளி மைதானத்திலேயே தூளால் ஒரு வளைவுக்காவது லேன் போட்டுக் காட்டி, இறங்கும் கோட்டில் நாலு செங்கல்லை வைத்துப் பழக்கி, இரண்டு வாரம் முன்பே ஸ்பைக்ஸ் மாட்டி நடக்கவைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். செலவென்று பார்த்தால் ஒரு பை சுண்ணாம்பு.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளி இறுதி ஆண்டில் ஒரு வட்டாரப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்தவர் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணன் அவரிடம் பேசிச் சம்மதிக்கவைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். அந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ்.

கண்ணன் செய்த முதல் பயிற்சி ஓட்டப் பயிற்சியே இல்லை, பாட்டியிடம் பேசியதுதான். தென்காசி மாவட்டத்தில் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். ஆலங்குளம், கடையநல்லூர், பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் அம்மாக்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். பள்ளிவிட்டு வரும் பெண்பிள்ளை தூள் அடைக்கவோ கட்டுப் போடவோ உட்கார்ந்தால் மறுநாள் கணக்குக் கொடுக்கத் தோதாக இருக்கும். மாலைப் பயிற்சிக்கு அவளை அனுப்புவது அந்த வீட்டுக்கு நேரடி வருமான இழப்பு. ‘ஓடி என்னத்தக் காணப் போறா’ என்று அம்மா கேட்டால் அதில் தப்பில்லை. ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிய ஒரு பெண், அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “மதினி, நானும் இப்படி வீட்டுலருந்துதான் ஓடிப் போனேன்” என்று சொன்னால் அந்தக் கேள்விக்கு வேறு பதில் தேவைப்படாது. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, ஏழாம் வகுப்பிலிருந்து சேரக்கூடிய விளையாட்டு விடுதிகள், 2023 முதல் பெரிய அளவில் நடக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் என்று வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. எந்த வாசலுக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்த வழியே போனவருக்கு மனப்பாடம்.

முன்னாள் வீரர் என்றாலே நல்ல ஆசான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உலகின் மிகச்சிறந்த 800 மீட்டர் ஓட்டக்காரரை உருவாக்கியவர் ஓட்டக்காரரே இல்லை. அயர்லாந்திலிருந்து 1976இல் கென்யாவின் இட்டன் என்னும் மலையூருக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கப் போன பிரதர் கோல்ம் ஓகானல், புனித பேட்ரிக் பள்ளியில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே பயிற்சியாளர் ஆனவர். அவர் வளர்த்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடிய ஓட்டத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. பார்க்கும் கண்ணும் பல ஆண்டு நிலைத்து நிற்கும் பொறுமையும் இருந்தால் பதக்கம் வாங்காதவரும் ஆசானாகலாம். அவை இல்லாமல் பதக்கத்தை மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு வருபவரால், ‘நான் அந்தக் காலத்தில்’ என்று கதை சொல்லத்தான் முடியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தான் இருபத்தைந்து வயதில் செய்த பயிற்சியைச் செய்யச் சொல்லி முழங்காலைக் கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பயிற்சியாளர் படிப்பு அவசியம். அனுபவத்துக்கு மேல் படிப்பு. சாந்தி நடந்த பாதை அதுதான்.

சங்கரன்கோவில் வழியாகக் கிழக்கே போனால் கோவில்பட்டி. ஒரு விளையாட்டை ஊரே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு இல்லை. கரிசல் மண்ணில் ஹாக்கி ஆடிய அப்பாக்களும் சித்தப்பாக்களும் மாலையில் மட்டையோடு மைதானத்துக்கு வந்து நின்றதன் தொடர்ச்சியாகத்தான், 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்கு ஆடினார். கபடியிலும் அப்படித்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசனின் ஊர் தாமிரபரணிக் கரைப் பக்கம். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025இல் வெளிவந்த பிறகு, தென்மாவட்டப் பள்ளி மைதானங்களில் பாடிப் போகும் பையன்களுக்குத் தங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு முகம் தெரிந்தது. பார்த்தது திரையில். அப்படி ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் நேரில் வந்து, பிடிக்கும்போது இடுப்பை எங்கே வைக்க வேண்டும் என்று கைவைத்துக் காட்டுவது வேறு.

தென்காசியில் இதைச் செய்ய என்ன தடை? ஆட்கள் இல்லாமல் இல்லை. மாநில அளவில் கபடி, வாலிபால், ஓட்டம் என்று ஆடி, காவல்துறை, மின்வாரியம், ரயில்வே வேலைகளில் இருந்துகொண்டு ஊருக்குத் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குற்றாலத்தில் 1964இல் தொடங்கி அறநிலையத் துறையின்கீழ் இயங்கும் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுற்றுவட்டாரப் பெண்கள் படித்துப் போன இடம். அங்கே கல்லூரி அணிக்கு ஆடியவர்களில் எத்தனையோ பேர் இன்று பக்கத்து ஊர்களில் குடும்பமும் பிள்ளைகளுமாக இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கொடி அசைக்கவைத்து அனுப்பிவிடுவதோடு அவர்களோடான உறவு முடிந்துவிடுகிறது. அந்தச் சால்வைக்குப் பதில் ஒரு விசிலும் ஸ்டாப் வாட்ச்சும் கொடுத்து, செவ்வாயும் வெள்ளியும் மாலை ஒரு மணிநேரம் வாருங்கள் என்று கேட்கலாம்.

கேட்பவர் யார் என்பதில்தான் சிக்கல். வெளியாள் ஒருவர் பிள்ளைகளோடு பழக வேண்டுமானால் பள்ளிக்குப் பொறுப்பு இருக்கிறது. அவர் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது ஆசிரியை ஒருவர் உடன் இருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கண்டிப்பில் தளர்வே கூடாது. ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனித்தனியே இதற்கு முடிவெடுக்கச் சொன்னால் பயத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் கல்வி அலுவலகமும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்து, சரிபார்த்து, இன்னாரை இன்ன பள்ளிக்கு என்று எழுத்தில் அனுப்பினால் தலைமையாசிரியர்களுக்கும் தைரியம் வரும், வருகிறவருக்கும் மரியாதை இருக்கும். போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும். புதுக்கோட்டையில் சாந்தியின் மையம் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்ட பிறகும் இதை இலவசச் சேவையாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாத ஓய்வூதியம் வழங்குகிறது. நல்ல திட்டம். அதை வாங்குகிறவர்களில் உடம்பும் மனசும் ஒத்துழைப்பவர்களுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரு பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்து, அதற்கென்று தனியாக ஒரு தொகையும் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம். வேலையில் இருப்பவர்களுக்கு முழுப் பட்டயப் படிப்புக்கு நேரமிருக்காது. தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்த தங்கள் ஊழியர்களுக்கு அந்த ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால், அடுத்த குறுவட்டப் போட்டி தொடங்குவதற்குள் மாவட்டத்தில் நாலைந்து பேராவது தயாராகிவிடுவார்கள்.